கடன் வாங்கிய சூத்திரம்

பிறர் கண்டு சொன்ன ஒன்றைத் தான் சரிபார்த்தறியாமல், 'எனக்குத் தெரியும்' என்று ஒருவன் கூறுவது நேர்மையாகுமா? மெய்யியலார்க்கே உரியதாகத் தோன்றும் இவ்வினா, கணக்கேட்டைத் திறக்கும் ஒவ்வொரு மாணவன் முன்னும் வந்து நிற்கின்றது.

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், தமிழ்ப்பள்ளியின் ஆறாண்டுகளை முடித்து இடைநிலைப்பள்ளி புகும் பிள்ளைக்கு முதலில் மாறுவன சொற்களே. சுழற்சி 'புத்தாரான்' ஆகின்றது. அலைவு தடையுறுதல் 'பெலெம்பாப்பான்' ஆகின்றது. அம்மாவட்டமே 2008-இல் கூலாய்ஜெயா எனப் பெயர் பெற்று, 2015-இல் மீண்டும் கூலாய் ஆயிற்று. பெயர் மாறிற்று, மண் மாறவில்லை. சொல்லைப் பெற்றதனாலேயே பொருளையும் பெற்றுவிட்டதாக எண்ணும் மயக்கம் எம்மொழியில் பயில்வோர்க்கும் உண்டு. அதற்காக மலாயையோ தமிழையோ குறை கூறுவதிற் பயனில்லை.

மேற்படிப்பில் அம்மாணவன் சுழற்சி அணியைச் சந்திக்கின்றான். நான்கு இடங்களில் இரண்டு கொசைன், இரண்டு சைன். ஒரு சைனுக்கு முன் மட்டும் கழித்தற்குறி. மனப்பாடம் செய்தால் தேர்வில் விடை வந்துவிடும். ஆயின் அக்குறி அங்கே நிற்பது ஏன்? தளத்தை இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால், நடுப்புள்ளிக்குக் கிழக்கே ஓரடியில் இருந்த புள்ளி வடக்கே செல்லும். வடக்கே ஓரடியில் இருந்தது மேற்கே செல்லும். கிழக்கு நேர் எனின் மேற்கு எதிர். கழித்தற்குறியின் கதை அவ்வளவே. தாளும் பென்சிலும் கொண்டு ஐந்து நிமிடத்திற் காணத்தக்க இதனைக் காட்டாது, 'சூத்திரத்தை எழுது' என விரட்டும் வகுப்பறை மாணவனைப் பொய்யனாக்கவில்லை. ஆனால் பொய்க்குப் பழக்குகின்றது.

அனைத்தையும் நிறுவிய பின்பே பயன்படுத்துதல் வேண்டுமெனின், எவரும் எதையும் கற்க இயலாது என்பதும் உண்மையே. கும்பகோணத்தில் 1903-இல் சீனிவாச இராமானுசன் கைக்குக் கிடைத்த காரின் தொகுப்பு நூல் ஏறத்தாழ 5000 முடிவுகளை அடுக்கியது. நிறுவல்கள் மிக அரிது. அவர் அந்நூலை நம்பினார், நம்பியதோடு நின்றாரல்லர். அம்முடிவுகளைத் தாமே நிறுவ முயன்று அப்பாலும் சென்றார். அவரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 1913-இல் ஆர்டிக்கு எழுதியவற்றுள் பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் தவறாயின. மேதைக்கே சரிபார்த்தலினின்று விலக்கில்லை. வள்ளுவர் கேள்வியையும் அறிவுடைமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தது எண்ணத்தக்கது. கேட்டு ஏற்றலில் இழிவில்லை. கேட்டதை அறிந்ததாகக் காட்டுவதே இழுக்கு.

தடையுறு அலைவின் சமன்பாடு இதனை இன்னும் கூர்மையாக்குகின்றது. மலேசியத் தமிழர் வீடுகளில் குழந்தையின் தூளி சுருள்வில்லில் தொங்குவதுண்டு. இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடி மெல்ல அடங்கும். நிறையை முடுக்கத்தாலும், தடையை வேகத்தாலும், வில்லின் விறைப்பை விலகலாலும் பெருக்கிக் கூட்டினால் சுழி என்பதே சமன்பாடு. தடையின் வர்க்கம், நிறையும் விறைப்பும் பெருக்கிய தொகையின் நான்கு மடங்கினும் குறைந்தால் ஆட்டம் உண்டு. சமமாயின் ஆடாது விரைந்து அடங்கும். மிகின் ஊர்ந்து வந்து சேரும்.

குழந்தைக்கு மாறாக அரிசிப் பொட்டலத்தை இட்டு மாணவன் அளக்கட்டும். முதல் விலகல் 20 சென்டிமீட்டர், அடுத்த ஆட்டத்தில் 16 எனின், சூத்திரப்படி அதற்கடுத்தது 12.8 ஆதல் வேண்டும். கொக்கியின் உராய்வே பெருந்தடையாயின் 12-ஐ ஒட்டி நிற்கும். வேகத்திற்கேற்ப வளரும் தடையையே அச்சமன்பாடு முன்கொள்கின்றது. உராய்வோ வேகத்தைப் பெரிதும் பொருட்படுத்தாது. ஆட்டத்திற்கு ஆட்டம் ஒரே அளவைக் குறைக்கும். மனப்பாடக்காரனுக்கு இவ்வெல்லை ஒருநாளும் தெரியவராது. அவனே நாளை பாலத்திற்கும் பொறிக்கும் கணக்கிடுபவன் ஆகலாம்.

அளந்ததை அழித்துவிட்டு நூலில் உள்ளதை எழுதும் வழக்கம் ஆய்வுக்கூடங்களுக்குப் புதிதன்று. அவ்வழக்கத்திற்கு மாணவனின் அச்சம் பாதிக் காரணம். மதிப்பெண் இடுவோரின் அவசரம் மறுபாதி. 12 என்றே எழுதி, அருகில் 'கொக்கி உராய்கின்றது' எனக் குறித்த ஏடு ஒன்று மேசைக்கு வருமாயின், சிவப்பு மையைத் தொடுமுன் ஆசிரியர் அத்தூளியை ஒருமுறை தாமே இழுத்துவிட்டுப் பார்க்கலாம்.