கேட்டது கிடைக்காத மறுநாள்

வேண்டுதல் பலிக்காதபோது பக்தி என்ன ஆகிறது? விடை தேடி நாம் புராணங்களைப் புரட்டுகிறோம், பெரியவர்களிடம் கேட்கிறோம். 2001 மே 19 அன்று, ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரக் கால்பந்து மைதானத்தில் கூடியிருந்த பல்லாயிரம் பேர் முன்னால் அதே கேள்வி ஒரே நேரத்தில் வந்து நின்றது. அன்று நடந்ததை நிதானமாக நினைத்துப் பார்த்தால், நம் வழிபாட்டையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்க முடியும்.

கெல்சன்கிர்ஷன் நிலக்கரியால் வாழ்ந்த ஊர். அங்குள்ள ஷால்கே அணிக்குச் செல்லப்பெயரே சுரங்கத் தொழிலாளர் என்பதுதான். காலப்போக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அவற்றில் பெயர்பெற்ற ஹூகோ சுரங்கமும் 2000இல் மூடியது. பூமிக்கு அடியில் உழைத்த குடும்பங்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொள்ள மிஞ்சியது இந்த அணி. குலதெய்வத்தைப் போல, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் அது கைமாறி வந்தது. ஆனால் அணி கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1958இல். அதன்பின் 1963இல் தொடங்கிய புந்தஸ்லிகா லீக்கில் பட்டம் ஒருமுறைகூட அந்த ஊருக்கு வரவில்லை.

2000-01 பருவத்தில் அந்த நாள் வந்துவிடும் போலிருந்தது. மொத்தம் 34 ஆட்டங்கள். 32 முடிந்தபோது ஷால்கேயும் பயர்ன் மியூனிக்கும் சம புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் ஷால்கே முன்னால். அடுத்த வாரம் ஷால்கே ஸ்டுட்கார்ட்டில் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றது. ஏறத்தாழ அதே நேரத்தில் பயர்ன் தன் ஆட்டத்தைக் கடைசி நிமிட கோலால் வென்றது. ஆக, இறுதி நாளில் பயர்ன் ஹாம்பர்க்கில் சமன் செய்தாலே பட்டம் அதற்கு. ஷால்கே தன் ஆட்டத்தை வெல்ல வேண்டும். பயர்ன் தோற்கவும் வேண்டும்.

மே 19. ஷால்கே முதலில் உண்டர்ஹாஹிங் அணியிடம் இரண்டு கோல் பின்தங்கியது. பிறகு எழுந்து 5-3 என்று வென்றது. அதே சமயம் ஹாம்பர்க்கில் 90ஆவது நிமிடம் ஹாம்பர்க் வீரர் செர்கேய் பார்பரெஸ் தலையால் முட்டிய பந்து பயர்ன் வலைக்குள் விழுந்தது. அந்தக் கணத்தில் ஷால்கே சாம்பியன். ஹாம்பர்க் ஆட்டமும் முடிந்துவிட்டதாக ஒரு செய்தி மைதானத்தில் பரவியது. மக்கள் வேலி தாண்டிப் புல்வெளியில் ஓடினார்கள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். 43 ஆண்டுக் காத்திருப்பு கரைந்துகொண்டிருந்தது.

ஹாம்பர்க்கில் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. கூடுதல் நேரத்தில், தன் அணிக்காரர் காலிலிருந்து வந்த பந்தை ஹாம்பர்க் கோல்கீப்பர் மத்தியாஸ் ஷோபர் கையில் எடுத்தார். அது விதிமீறல் என்று நடுவர் மார்க்குஸ் மெர்க் விசில் ஊதினார்: கோலுக்கு வெகு அருகே மறைமுக ஃப்ரீ கிக். பயர்ன் வீரர் எஃபன்பர்க் பந்தை மெல்லத் தட்டிக் கொடுக்க, தடுப்பாட்டக்காரரான பாட்ரிக் ஆண்டர்சன் கூட்டத்துக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அதை வலைக்குள் அடித்தார். பயர்ன் அணிக்காக அவர் அடித்த ஒரே கோல் அது. பயர்ன் 63 புள்ளி, ஷால்கே 62. பட்டம் சுமார் நான்கு நிமிடம் ஷால்கேயின் கையில் இருந்து, பிறகு போய்விட்டது. பந்தைக் கையில் எடுத்த ஷோபர் யார் தெரியுமா? ஷால்கே அணியிலிருந்து ஹாம்பர்க்குக்கு இரவலாகப் போயிருந்தவர்.

அன்று ஷால்கேயின் மேலாளர் ரூடி அஸ்ஸாவர், கால்பந்துக் கடவுள் மீது இனித் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். அந்தப் பேச்சில் இருந்த வலியை நாம் எல்லோரும் அறிவோம். மருத்துவமனை வராந்தாவில், தேர்வு முடிவு வந்த மாலையில், கடன்காரன் வந்துபோன இரவில் நம் வாயிலும் அது வந்திருக்கிறது. இத்தனை நாள் கும்பிட்டேனே, நீ எங்கே போனாய்? அப்படிக் கேட்பவனைக் கடிந்துகொள்ளக் கூடாது. கோபித்துக்கொள்கிறவன் இன்னும் உறவில்தான் இருக்கிறான். ஆனாலும் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு கணக்கு இருப்பதையும் பார்க்க வேண்டும்: நான் இவ்வளவு கொடுத்தேன், நீ இவ்வளவு தந்திருக்க வேண்டும். கணக்கில் நிற்கும் நம்பிக்கை, கணக்கு தப்பும் நாளில் முறிந்துதான் தீரும்.

அப்படியானால் கடவுள் அன்று பயர்ன் பக்கம் இருந்தாரா? ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், 90 நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது இதே பயர்ன். கூடுதல் நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுபோனது. பயர்ன் வீரர் சாமுவேல் குஃபோர் புல்தரையைக் கையால் அறைந்து அழுதார். ஹாம்பர்க்கில் பார்பரெஸ் கோல் அடித்தபோது அதே குஃபோரும் களத்தில் இருந்தார். அவரை உலுக்கி எழுப்பி, ஆடு, தொடர்ந்து ஆடு என்று முடுக்கினார் கோல்கீப்பர் ஒலிவர் கான். கடைசி விசில் வரை எதுவும் முடிவதில்லை என்பதை அவர்கள் பார்சிலோனாவில் அழுது கற்றிருந்தார்கள். இன்று சிரிப்பவரே நேற்று அழுதிருக்கிறார். இதில் கடவுளை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று பெர்லினில் நடந்த ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஷால்கே யூனியன் பெர்லின் அணியை 2-0 என்று வென்றது. ஒரு கையால் எடுத்த இறைவன் மறு கையால் கொடுத்தான் என்று இந்தக் கதையை இங்கே முடித்துவிடலாம். கேட்க இதமாகவும் இருக்கும். அந்த ஆறுதலை நான் ஏற்கவில்லை. ஷால்கேக்கு லீக் பட்டம் அதன்பிறகும் வரவில்லை. 2021இலும் 2023இலும் அணி இரண்டாம் பிரிவுக்கே இறங்கியது. பறிகொடுத்ததற்கு ஈடு எப்படியும் வந்துசேரும் என்று நம்புவதும் பழைய கணக்கின் மறுபக்கம்தான். வாழ்க்கையில் சில இழப்புகளுக்கு ஈடு வருவதே இல்லை. அதை மறைக்காமல் சொல்லும் ஆன்மிகமே துன்பப்பட்டவனுக்குத் துணையாக நிற்கும்.

ஈடு வராத அந்த ஊரில் என்ன நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அணி இரண்டாம் பிரிவில் ஆடியபோதும் மக்கள் அரங்கை நிரப்பினார்கள். 2001 கோடையில் திறந்த புதிய அரங்கத்துக்குள்ளேயே ஒரு சிறு தேவாலயம் உண்டு. அங்கே திருமணங்கள் நடக்கின்றன, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பட்டம் தராத அணியின் நிழலில் பிள்ளைக்கு வாழ்வின் முதல் ஆசி வாங்கும் பெற்றோர், லாபம் பார்த்து வருகிறவர்களாக இருக்க முடியாது. முத்தியைக்கூடக் கேட்காமல், அன்பு செய்வதையே பேறாகக் கொண்ட அடியார்களைச் சேக்கிழார் நமக்குக் காட்டியிருக்கிறார். இறையன்பும் விளையாட்டுப் பற்றும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் கைம்மாறு கேட்காத அன்பு மனித நெஞ்சுக்கு எட்டாத ஒன்று என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். சாதாரண மனிதர்கள் அதைச் செய்கிறார்கள், வாரம் தவறாமல்.

பற்றற்று இரு என்று கேட்கும்போது, குறைவாக நேசி என்று சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். எதிலும் மனம் வைக்காதவனுக்கு அடி விழாது என்பது உண்மை. அவனுக்கு எதுவும் மலரவும் மலராது. அந்த நான்கு நிமிடம் புல்வெளியில் அழுதவர்கள் ஏமாந்தவர்களா? அவர்கள் காதில் விழுந்த செய்தி பொய். அவர்களிடமிருந்து பொங்கிய அன்பு பொய்யாகாது. ஜெர்மனியில் அந்த அணியை இன்றும் இதயங்களின் சாம்பியன் என்று சொல்கிறார்கள். முழுமையாக நேசித்துவிட்டு, கிடைத்ததையும் கிடைக்காததையும் என் உரிமை என்று இறுகப் பிடிக்காமல் இருப்பதே பற்றின்மை. அது எளிதல்ல, தோற்ற மறுநாள் காலையில்தான் அதற்குப் பயிற்சி தொடங்குகிறது.

ஆகவே கேளுங்கள். பிள்ளைக்கு வேலை வேண்டும், அம்மாவின் நோய் தீர வேண்டும் என்று மனம் திறந்து கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கேட்டது கிடைக்காத மறுநாளும் உன்னிடம் வரும் மனத்தைக் கொடு. முதல் வேண்டுதல் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இரண்டாவதை உண்மையாகக் கேட்கத் தொடங்கியவனிடம், அந்த மனம் ஏற்கெனவே முளைவிட்டிருக்கிறது.