மேனியையும் மறவாத இரக்கம்



ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு வந்தால் நம் மைசூருத் தெருக்களில் ஒரு பழைய சத்தம் திரும்பக் கேட்கும். அந்த இரு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஓசை காதில் விழுந்ததும், கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர்கள்கூட “ஜாவா போகுது” என்பார்கள். ஜாவா, யெஸ்டி வண்டிகளை வைத்திருப்போர் ஆண்டுதோறும் ஒன்றுகூடும் நாள் அது. இந்த ஊர்க்காரர்களுக்கு அது குடும்ப விழா போலத்தான். 1960-இல் ருஸ்தம் இரானியும் ஃபரோக் இரானியும் ஐடியல் ஜாவா நிறுவனத்தை இங்கே தொடங்கினார்கள். மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. யாதவகிரித் தொழிற்சாலையின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அங்கே வேலை பார்த்த தகப்பன்மார்களின் சம்பளத்தில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். 1973-இல் வண்டிக்கு யெஸ்டி என்று பெயர் மாறியது. 1978-இல் ரோட்கிங் வந்தது. வேகத்துக்கும் உறுதிக்கும் அந்தக் காலத்து இளைஞர்கள் ஆசைப்பட்ட வண்டி அது. சோழவரத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றி இன்றும் கண்கள் மின்னப் பேசுவோர் உண்டு. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த ஆண்டு எத்தனை வீடுகளில் அடுப்புக்கு முன்னால் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், இறந்துபோன தம் அப்பாவின் ரோட்கிங்கை வீட்டு முற்றத்தில் வைத்துச் சீராக்கி வருகிறார். “சாமி, இன்ஜினை மெக்கானிக்கிட்ட குடுத்துட்டேன். டிங்கரிங், பெயின்ட் வேலையை மட்டும் நானே பாக்கறேன். அப்பா தெனமும் தொடச்ச வண்டி, அதை வேற யாரும் சொரண்டக் கூடாது” என்றார். அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. போய்ப் பார்த்தேன். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்துவைத்திருக்கிறார். திருகாணிகளைத் தனித்தனி டப்பாக்களில் போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார். பெட்ரோல் டாங்கைக் காலி செய்து, உள்ளே ஆவி தங்காதபடி கழுவி உலர்த்திவிட்டுத்தான் அதில் கையே வைத்திருக்கிறார்.

அந்த டாங்கின் அடிப்பக்கம் சிறு சிறு கொப்புளங்கள் இருந்தன. நெல்மணி அளவுதான். அவர் ஒன்றைச் சுரண்டிக் காட்டினார். பெயின்ட் உரிந்து வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. இரும்பு துருப்பிடிக்கும்போது அது முன்பு இருந்ததைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்படி ஊதி ஊதித்தான் மேலே உள்ள பெயின்டை அது தூக்கிவிடுகிறது. எப்போதோ விழுந்த ஒரு கீறல், அதன் வழியே நுழைந்த மழைத்தண்ணீர், பிறகு ஆண்டுக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் நடந்த அரிப்பு. வெளியே தெரிந்த கொப்புளம் இதற்கெல்லாம் பிறகு கடைசியாக வந்தது.

உங்களைக் கேட்கிறேன், என்னையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சின்ன விஷயத்துக்குச் சுள்ளென்று எரிந்து விழுகிறோமே, அந்தக் கொப்புளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? எந்த ஆண்டு விழுந்த கீறல் அது? அண்ணன் தம்பிக்குள் நிலத்தகராறு வந்த நாளா? மகள் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட நாளா? வேலை போன நாளா? அதன்மேல் எத்தனை முறை அவசரமாகப் பெயின்ட் அடித்திருக்கிறோம்?

பயப்பட வேண்டாம். இந்தக் கேள்வியை ஆண்டவர் நம்மிடம் கேட்பது கோபத்தில் அல்ல. சுரண்டுகிற கை யாருடையது என்பதுதான் முக்கியம். அந்த மகன் அப்பாவின் வண்டியைச் சுரண்டியபோது அவர் கை எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்று நான் பார்த்தேன். எண்பதாம் எண் உப்புத்தாளில் தொடங்கி, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று படிப்படியாகக் கரடு குறைத்து, கடைசியில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மெல்லிய தாளுக்கு வருகிறார். இரும்புக்கு வலிக்குமோ என்று நினைப்பவரைப்போலத் தேய்க்கிறார். மனிதருக்கே தகப்பனின் பொருள்மேல் இத்தனை பரிவு இருக்குமென்றால், நம்மைப் படைத்தவரின் கைக்கு நம்மேல் எவ்வளவு இருக்கும்!

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஆண்டவர் இயேசு, கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குகிறவர்களைக் கடிந்துகொண்டாரே. மேனியழகுக்கு இத்தனை பாடு எதற்கு? மத்தேயு நற்செய்தியின் இருபத்து மூன்றாம் அதிகாரத்தை இன்று வீட்டில் பொறுமையாக வாசியுங்கள். வெளிப்புறத்தை விட்டுவிடச் சொல்லி அவர் முடிக்கவில்லை. உள்ளே தூய்மையானால் வெளியும் தூய்மையாகும் என்றுதான் முடிக்கிறார். வெளியும் அவருக்கு வேண்டும். தம்மிடம் வந்த தொழுநோயாளர் ஒருவரின் மனதுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை அவர்; அந்த மனிதரின் தோலைத் தொட்டார். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை செய்ததை நினைத்துப் பாருங்கள். மகன் ஒரு மன்னிப்புப் பேச்சை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தான். அதைச் சொல்லி முடிக்கவே தந்தை விடவில்லை. முதல்தரமான ஆடை, கைக்கு மோதிரம், காலுக்குச் செருப்பு. எல்லாம் மேலே தெரிகிற பொருள்கள். ஊரார் பார்வையில் அவனுக்குப் போயிருந்த மதிப்பை முதலில் உடுத்திவிட்டார்.

செக்கரியா இறைவாக்கினர் கண்ட காட்சி ஒன்று உண்டு. மறையுரைகளில் அதை நாம் அதிகம் எடுப்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான். தலைமைக் குரு யோசுவா அழுக்கு ஆடையோடு ஆண்டவரின் தூதர் முன் நிற்கிறார். பக்கத்தில் குற்றம் சாட்ட ஒருவன் நிற்கிறான். யோசுவா தம் சார்பில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆண்டவரே குற்றம் சாட்டுபவனை அதட்டுகிறார். அழுக்கு ஆடை களையப்படுகிறது. நல்ல ஆடை உடுத்தப்படுகிறது. தலைக்குத் தூய தலைப்பாகையும் வைக்கப்படுகிறது. ஊரே குற்றம் சாட்டி, வாய் திறக்க முடியாமல் நிற்கிற பிள்ளைகள் நம் பங்கிலும் உண்டு. அவர்களுக்காகப் பேச ஆண்டவர் இருக்கிறார். நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

மறுபடி அந்த முற்றத்துக்கு வருகிறேன். வெள்ளையாக மின்னும் வெறும் இரும்பை அப்படியே விட்டால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துரு ஏறிவிடும். அதனால் உடனே பிரைமர் அடிக்க வேண்டும். நம் பெயின்டர்கள் காலம் காலமாக அடிப்பது ரெட் ஆக்சைடு. அந்தச் செம்பழுப்பு நிறம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இரும்பு ஆக்சைடுத் தூளிலிருந்து. துருவும் இரும்பு ஆக்சைடுதான். உதிர்ந்து அரித்துக்கொண்டிருந்தபோது அழித்த அதே பொருள், அரைத்துத் தூளாக்கிப் பசையோடு சேர்ந்ததும் இரும்புக்குப் போர்வையாகிறது. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பேதுருவின் நினைவுதான். அவர் மறுதலிக்கப் போவது ஆண்டவருக்கு முன்பே தெரியும். தெரிந்தும், நீ மனம் திரும்பியபின் உன் சகோதரர்களை உறுதிப்படுத்து என்ற பொருளில் அவரிடம் சொல்லி வைத்தார். விழாத ஒருவரைத் தேடிப் பிடித்து அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. குடியை விட்ட ஒரு தகப்பன் இன்னொரு குடிகாரரின் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது என்று நான் கண்டிருக்கிறேன். என் பத்து மறையுரைகள் செய்யாததை அவருடைய ஒரு மாலைநேரப் பேச்சு செய்தது.

பிரைமருக்குப் பிறகு, பள்ளங்களுக்குப் பட்டி. பட்டியை மெல்லிசாக இழுத்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒடுக்கு விழுந்த இடத்தைத் தட்டி எடுக்காமல் பட்டியாலேயே நிரப்பினால், கொஞ்ச நாளில் அது வெடித்துவிடும். அதற்கும் பிறகுதான் நிறம். இந்த மாதம் அந்த மகன் நிறம் அடிக்கவில்லை. தூறல் ஓயாத நாட்களில் லேக்கர் பெயின்ட் அடித்தால், காற்றின் ஈரம் ஏறி மேற்பரப்பு பால்போல் வெளிறிவிடும். “மழை நிக்கட்டும் சாமி” என்கிறார். வண்டி பழுப்பு நிறத்தில், பார்க்க அழகே இல்லாமல், போர்வைக்குள் நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் “இன்னும் முடியலையா?” என்று கேட்கிறார்கள்.

திருந்தத் தொடங்கிய மகனை அப்படிக் கேட்கிறோமே. செபத்துக்குத் திரும்பிய கணவரை, மறுபடியும் கோயிலுக்கு வரத் தொடங்கிய மருமகளை, இன்னும் முழுசாக மாறவில்லையே என்று பார்க்கிறோமே. அவர்கள் மேல் இப்போது மழைக்காலம். ஆண்டவர் வேலையை நிறுத்திவிடவில்லை. ஈரம் இறங்கக் காத்திருக்கிறார். நாமும் அவரோடு காத்திருந்தால் போதும். ஈரம் காயாத பெயின்டை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

ரோட்கிங்கின் இரண்டு சைலன்சர்களும் முற்றத்தில் இல்லை. குரோம் பூச்சுக்குப் பட்டறைக்குப் போயிருக்கின்றன. அதை வீட்டில் செய்யக் கூடாது; அந்த அமிலமும் குரோமியமும் நஞ்சு. பழைய பூச்சை நீக்கி, இரும்பைப் பளபளப்பாகத் தேய்த்து, நிக்கல் ஏற்றி, அதன்மேல் ஒரு மைக்ரான்கூட இல்லாத மெல்லிய குரோம் ஏற்றுவார்கள். அடியில் ஒரு கீறல் மிஞ்சியிருந்தால் குரோம் அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். நாமே தேய்த்துத் தீர்க்க முடியாத காரியங்கள் நம் உயிரிலும் உண்டு, சகோதர சகோதரிகளே. அவற்றுக்காகத்தான் திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தை வைத்திருக்கிறது. குடிநோய்க்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவரிடம் போவதும் விசுவாசக் குறைவு ஆகாது. மருத்துவரின் கையையும் கடவுள்தான் கொடுத்தார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த ரோட்கிங்கின் பின்பக்க மட்கார்டில் ஒரு சிறு ஒடுக்கு இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது வண்டியைத் தள்ளிவிட்டு அந்த மகனே உண்டாக்கியது. அப்பா அன்று அடிக்கவில்லையாம். காலில் அடிபட்டதா என்று பார்த்தாராம். அந்த ஒடுக்கை மகன் தட்டி எடுக்கப் போவதில்லை. துரு நீக்கி, நிறம் மட்டும் கொடுத்து, அப்படியே வைக்கப்போகிறார். அது சரி என்றே நினைக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் தம் கைகளின் தழும்புகளை அழித்துவிட்டு வரவில்லை. தோமாவுக்கு அவற்றைத்தான் காட்டினார்.

திருப்பலி முடிந்ததும் நான் ஒப்புரவு இருக்கையில் இருப்பேன். வெகுகாலமாக வராதவர்கள் செபத்தின் வார்த்தைகள் மறந்துபோயிருந்தால் கவலைப்பட வேண்டாம். நான் எடுத்துக் கொடுக்கிறேன். முட்டிவலி உள்ள பெரியவர்கள் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருங்கள், நானே வருகிறேன்.