உண்மையை மறைப்பது கருணையாகுமா?

நம் இல்லங்களில் ஒருவருக்கு இரைப்பையிலோ குடலிலோ புற்றுநோய் கண்டுவிட்டால், அச்செய்தியை முதலில் அறிபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். மகனோ மருமகனோ மருத்துவரின் அறைக்கு அழைக்கப்படுகின்றார். "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், குடற்புண் என்றே சொல்லிவிடுங்கள்" என்று அவர் வேண்டிக்கொள்கின்றார். நோயுற்றவரின் மனம் நோகக் கூடாது என்பதே அவரது எண்ணம். எவ்வுயிர்க்கும் துன்பம் செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு இது சரியென்றே தோன்றும். ஆயினும், பொய்யாமையும் இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் ஒன்றன்றோ? இவ்விரண்டு விரதங்களும் நோயாளியின் கட்டிலருகே ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? இந்நோயைப் பற்றிய மருத்துவ ஆராய்ச்சி கடந்துவந்த வழியை அறிந்தால், விடை ஒருவாறு தெளிவாகும்.

குடுமியான்மலையில் வாழும் எனக்கு இவ்வரலாறு மிகத் தொலைவில் தொடங்குவதன்று. இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் உள்ள புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர்தம் தங்கை 1923-இல் மலக்குடற் புற்றுநோயால் மறைந்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. மருத்துவரின் உடன்பிறந்தாளுக்கே நோயின் உண்மைப் பெயர் காலங்கடந்துதான் தெரியவந்தது. அத்துயரத்தில் பிறந்த உறுதியே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவ நிலையமாக உருப்பெற்றது.

குடலின் உட்சுவரில் தோன்றும் புற்று, சுவரைத் துளைத்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைகின்றது. குடலிலிருந்து செல்லும் இரத்தம் கல்லீரல் வழியாகவே இதயத்திற்குத் திரும்புவதால், கல்லீரலிலும் அது வேரூன்றுகின்றது. சில வேளைகளில் வயிற்றறையின் உட்சவ்வெங்கும் விதை தூவியதுபோல் பரவுகின்றது.

இவற்றை அறுவை மருத்துவர்கள் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. 1881-இல் வியன்னா நகரில் பில்ரோத் என்பார், 43 வயதுப் பெண்மணி ஒருவரின் இரைப்பைப் புற்றை முதன்முதலாக வெற்றியுடன் அகற்றினார். அறுவையிலிருந்து மீண்ட அப்பெண்மணி, நோய் பரவியிருந்தமையால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் மறைந்தார். இங்கிலாந்தில் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர், தாம் மலக்குடல் அறுவை செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியதைக் கண்டார். தம் தோல்வியை அவர் மறைக்கவில்லை. இறந்தோர் உடல்களை ஆராய்ந்து, நோய் பரவும் வழிகளைக் கண்டறிந்து, 1908-இல் புதிய முறையுடன் அவற்றையும் வெளியிட்டார்.

பரவும் நோயை வெல்ல மேலும் மேலும் வெட்டுவதே வழி என்ற நம்பிக்கை பின்னர் வளர்ந்தது. அது மெய்தானா என்று ஜப்பானிய மருத்துவர்கள் சோதித்தனர். இரைப்பைப் புற்றுநோயாளிகள் 523 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறுவையும், மற்றவர்க்கு முதுகெலும்பை ஒட்டிய பெருந்தமனி அருகேயுள்ள கணுக்களையும் நீக்கும் விரிந்த அறுவையும் செய்தனர். 2008-இல் வெளிவந்த முடிவில், விரிந்த அறுவையால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. வயிற்றுச் சவ்வில் பரவிய குடற்புற்றை அறுத்து நீக்கியபின் சூடேற்றிய மருந்தை வயிற்றறையில் ஊற்றும் முறையைப் பிரெஞ்சு நாட்டில் 265 பேரிடம் ஆராய்ந்தனர். 2021-இல் வெளியான அம்முடிவும் அவ்வாறே அமைந்தது. அம்மருந்தால் ஆயுள் நீளவில்லை.

யாருக்கு எந்த மருத்துவம் என்பதை இத்தகைய ஆய்வுகளில் குலுக்கல் போன்ற முறையால் முடிவு செய்கின்றனர். கேட்கும்போது இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டில் எது நல்லது என்று மருத்துவருக்கே மெய்யாகத் தெரியாத நிலையில்தான் இதற்கு இடமுண்டு. தாம் கண்டதே முழு உண்மை என்று சாதிக்காத இப்பண்பு, அநேகாந்தம் பயின்ற நமக்கு அந்நியமானதன்று. மற்றொரு நிபந்தனையும் உண்டு. நோயாளி தம் நோயை அறிந்து, விரும்பி இசைய வேண்டும். 1964-ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி அறிக்கையும், நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகளும் இதனை வலியுறுத்துகின்றன. ஆக, இன்று நம் உறவினர் பெறும் மருத்துவத்திற்குப் பின்னால், உண்மையை அறிந்து தம் உடலை ஆராய்ச்சிக்கு ஒப்புவித்த பல்லாயிரவர் நிற்கின்றனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட மதிப்பை நம் வீட்டுப் பெரியவருக்கு மறுப்பது எவ்வாறு முறையாகும்?

குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையாகலாம் என்று வள்ளுவரே இசைகின்றாரே எனச் சிலர் வினவலாம். அந்நன்மை குற்றமற்றதா என்பதே இங்கு ஆராயத்தக்கது. மலக்குடல் அறுவைக்குப்பின் சிலருக்கு மலம் வெளியேற வயிற்றில் தனி வழி அமைக்க நேரிடும். சாதாரணப் புண் என்று நம்பிப் படுத்தவர், கண்விழித்துத் தம் வயிற்றில் கட்டியுள்ள பையைக் காணும்போது என்ன எண்ணுவார்? நோய் பரவிவிட்டவர்க்கோ, கடும் மருந்தை ஏற்பதா, வலி தணிக்கும் மருத்துவம் மட்டும் போதுமா என்று முடிவு செய்யவும், கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கவும், மனத்தாங்கல் உள்ளவரிடம் பேசவும், தம் விரதங்களை நிறைவு செய்யவும் காலம் வேண்டும். அக்காலம் ஏற்கெனவே குறுகியது. பொய் அதனையும் எடுத்துக்கொள்கின்றது. சுற்றியிருப்போர் முகம் பார்த்தே உண்மையை உணர்ந்துவிட்ட நோயாளி, அதனை யாரிடமும் பேச இயலாமல் தனித்துவிடப்படுகின்றார். இதுவும் இம்சையே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகின்றீர்கள்?" என்று மருத்துவர் முதலில் வினவலாம். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கூறினால், அவ்விருப்பமும் மதிக்கத்தக்கதே. அவ்வாறு ஒதுங்கும் உரிமை அவருடையது. அவரைக் கேளாமல் நாம் தீர்மானிப்பது வேறு. சொல்லும்போது, இனிச் செய்யக்கூடியவை யாவை என்பதையும், இறுதிவரை உடனிருப்போம் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டுப் பெரியோர் நலமாயிருக்கும் நாளிலேயே, அவர்களுடைய விருப்பம் யாதெனக் கேட்டறிந்து வைத்தல் பிள்ளைகளின் கடமை. கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு, என் போன்ற முதியோரே முன்வந்து சொல்லிவைப்பதும் நன்று.