சொன்னவரும் கேட்டவரும்

தாம் அறிந்த ஒன்றை எழுதி அச்சேற்றிவிட்டால் அறிந்தவருடைய கடமை தீர்ந்துவிடுகிறதா? இக்கேள்விக்குத் தத்துவ நூல்களில் விடை தேடுவோர் பலர். நாம் அதனை இரும்புருக்கும் தொழிலின் வரலாற்றில் தேட விரும்புகிறோம். வாசகர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் பிற துறைகளில் ஒரு தலைமுறை கடந்த பின்னரே வெளிப்படும் பிழை, இத்துறையில் வார்த்த எஃகு சம்மட்டிக்குக் கீழே முறியும் அன்றே வெளிப்பட்டுவிடுகிறது. எழுதியவருடைய நேர்மையை உரசிப் பார்ப்பதற்கு இதனினும் கடுமையான உரைகல் கிடைப்பது அரிது.

1856-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் செல்ட்டனாம் நகரில், பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டத்தில் ஹென்றி பெஸ்ஸமர் ஒரு கட்டுரை படித்தார். உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள கரியும் சிலிக்கனும் எரியும். அவ்வெரிதலின் வெப்பமே இரும்பை இளகிய நிலையில் வைத்திருக்கும். வேறு எரிபொருள் தேவையில்லை என்பது அதன் சாரம். லண்டன் டைம்ஸ் நாளிதழ் அதனை அப்படியே வெளியிட்டது. கட்டுரையைக் கேட்ட கழகமோ தன் ஆண்டுத் தொகுப்பில் அதற்கு இடமளிக்கவில்லை! அறிஞர்கள் விட்டதைச் செய்தித்தாள் பிடித்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் 27,000 பவுன் அளவுக்கு இரும்பு உற்பத்தியாளர்கள் உரிமம் வாங்கினர்.

வாங்கியவர்கள் தங்கள் ஆலைகளில் செய்து பார்த்தபோது கிடைத்ததோ குளிர்ந்ததும் நொறுங்கும் உலோகம். பெஸ்ஸமர் பெரும் பழிக்கு ஆளானார். அவர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பிளேனவன் இரும்பில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அது தற்செயலாக நேர்ந்தது. பிரிட்டனின் பெரும்பாலான தாதுக்களில் பாஸ்பரஸ் மிகுதி. அவருடைய உலை அதனை நீக்கவல்லதன்று. எந்த ஊர் இரும்பு என்பது ஒரு பொருட்டாகவே அவருக்குப் படவில்லை. தாம் அறிந்த அனைத்தையும் சொல்லிய ஒருவர், தாம் அறியாத ஒன்றின் காரணமாகப் பிறரை நட்டத்தில் ஆழ்த்திவிட்டார். இன்று எஃகு ஆய்விதழ் ஒன்றைப் புரட்டினால், முதற் பக்கங்களிலேயே மூலப்பொருளின் வேதியியற் பகுப்பு அட்டவணையாகத் தரப்பட்டிருப்பதைக் காணலாம். கண்ணுக்கு வறட்சியான அந்த அட்டவணையை நாம் ஒரு சாட்சியமாகவே கருதுகிறோம். இன்னதைக் கொண்டுதான் செய்தேன், வேறொன்றைக் கொண்டு செய்பவர் எச்சரிக்கையாக இருப்பாராக என்று அது சொல்லாமல் சொல்கிறது.

1869-இல் லண்டனில் இரும்பு எஃகுக் கழகம் நிறுவப்பட்டது. 1871 முதல் அதன் ஆய்விதழ் வெளிவரலாயிற்று. அவ்விதழில் நம்மைக் கவர்ந்த வழக்கம் ஒன்றுண்டு. படிக்கப்பட்ட கட்டுரைகளோடு, அவற்றின் மீது அவையில் எழுந்த விவாதமும் பேசியவர் பெயருடன் அச்சிடப்பட்டது. மறுத்தவர் யார், ஐயுற்றவர் யார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. இன்றோ ஒரு கட்டுரையை ஏற்கவும் தள்ளவும் பரிந்துரைக்கும் மதிப்பீட்டாளர் பெரும்பாலும் பெயரற்றவராகத் திரைக்குப் பின்னால் இருக்கிறார். அஞ்சாமல் குறை சொல்ல அத்திரை உதவும் என்பது உண்மையே. எனினும் பொறுப்பும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும்.

1878 மார்ச்சுத் திங்களில் அக்கழகம் கூடியது. பாஸ்பரஸை இரும்பிலிருந்து பிரிப்பது குறித்து லோதியன் பெல் எழுதிய கட்டுரை விவாதத்திலிருந்தது. அப்போது 28 வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் எழுந்து, பெஸ்ஸமர் உலையிலேயே தம்மால் பாஸ்பரஸை நீக்க முடிந்திருக்கிறது என்றார். அவர் பெயர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டன் காவல் நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை. தந்தையின் மறைவால் கல்வியைப் பாதியில் விட்டவர். பகலெல்லாம் வழக்குக் கட்டுகளோடு உழன்றுவிட்டு, மாலையில் பிர்க்பெக் கல்விக்கூடத்தில் வேதியியல் கேட்டவர். பிளேனவன் ஆலையில் வேதியியலராக இருந்த பெர்சி கில்கிறிஸ்ட் அவருடைய உறவினர். சோதனைகள் அங்கே நடந்தன. அதே பிளேனவன்!

அவையோர் நகைக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. அவர் சொன்னதைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றனர்.

இதற்காக அப்பெரியோர்களைக் கடிந்துகொள்வது எளிது. நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. இருபதாண்டுக் காலம் அனுபவமிக்க உலோகவியலாளர்கள் முட்டி மோதியும் திறவாத கதவு அது. செல்ட்டனாமில் கேட்டதை நம்பிப் பொருளிழந்தவர்களின் நினைவும் மங்கவில்லை. தாமஸும் தம் முறையை அன்று விரித்துரைத்தாரில்லை; முந்திய ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்த அவர் விளைவைச் சொல்லிச் செய்முறையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். பாதி சொன்னவரைப் பாதி நம்புவதும் இயல்புதானே என்று கேட்கலாம். ஆனால் அவை நம்பியிருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றே கூறுகிறோம். உலையின் உட்சுவருக்கு எதைப் பூசினாய் என்ற ஒரு வினா போதுமானதாக இருந்திருக்கும். மணற்சத்துள்ள செங்கற்களுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்துள்ளவற்றை உட்சுவராக அமைத்து, உருகிய இரும்பிலும் சுண்ணாம்பை இட்டால் பாஸ்பரஸ் கசடோடு சேர்ந்து வெளியேறும் என்பதே அவர் கண்ட முறை. நம்ப மறுப்பது அறிவின் காவல். வினவ மறுப்பதை நாம் அகந்தை என்போம். பேசியவர் ஆலை முதலாளியாக இருந்திருந்தால் அவ்வினா எழாமல் போயிருக்குமா?

அவ்வாண்டின் பிற்பகுதியில் கழகம் பாரிசில் கூடியபோது தாமஸ், கில்கிறிஸ்ட் இருவரின் கட்டுரையும் நிகழ்ச்சியில் இருந்தது. படிக்கப்படாமலேயே ஒத்திவைக்கப்பட்டது. நல்வாய்ப்பாக, மிடில்ஸ்பரோவின் பெரிய ஆலையொன்றை நடத்திவந்த விண்ட்சர் ரிச்சர்ட்ஸ் அங்கே தாமஸைச் சந்தித்தார், அவர் வினவினார். 1879 ஏப்ரலில் மிடில்ஸ்பரோவில் பெரிய அளவில் சோதனை வெற்றி பெற்றது. ஐரோப்பிய ஆலைக்காரர்கள் திரண்டு வந்தனர். அக்கட்டுரை கழகத்தில் படிக்கப்பட்டதோ அதற்குப் பின்னர், மே மாதத்தில்! உலகம் விலைபேசத் தொடங்கிவிட்ட ஒன்றை அறிஞரவை அதன் பிறகு செவிமடுத்தது. லொரேன் பகுதியின் பாஸ்பரஸ் மிகுந்த தாதுக்கள் அதன்பின் பொன்னாக மாறின. ஜெர்மானிய எஃகுத் தொழில் பிரிட்டனை விஞ்சியதில் அம்முறைக்குப் பெரும் பங்குண்டு.

ஜார்ஜ் ஸ்நெலஸ் என்னும் உலோகவியலாளர் 1872-லேயே சுண்ணாம்பு உட்சுவருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உண்மை அவர் கையில் இருந்தது. ஆலைகளின் கையில் அது சேரவில்லை. 1883-இல் பெஸ்ஸமர் பதக்கத்தைக் கழகம் அவருக்கும் தாமஸுக்கும் வழங்கியது. இது நியாயமே. ஆயினும் ஒருவர் கண்டதைப் பெட்டியில் வைத்ததற்கும், மற்றவர் செவிடர் அவையில் எழுந்து நின்றதற்கும் ஒரே நிறையா என்ற ஐயம் நம்மை விட்டு அகலவில்லை. தாமஸ் 1885-இல், 34 வயதில் மறைந்தார்.

நூறாண்டுக்கு முந்திய கதைதானே என்று வாசகர்கள் கருதிவிடலாகாது. இன்றைய எஃகு ஆய்வுக் கட்டுரைகளில் எஃகு அ, எஃகு ஆ என்று மட்டும் பெயரிட்டு, அதன் முழுப் பகுப்பையும் மறைத்துச் செல்வது உண்டு. ஆய்வுக்குப் பொருளுதவிய ஆலையின் தொழில் இரகசியம் அது என்பர். ஆலைக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவர் செய்து பார்க்க இயலாதபடி எழுதப்பட்ட ஒன்றைக் கட்டுரை என்பதா, விளம்பரம் என்பதா? ஏட்டில் எழுதியது அமானிதம். பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீதியை ஒப்படைத்தவர் ஒப்படைத்தவராவாரா? ஒப்படைக்கப்பட்டதும் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. பல இதழ்களில் படிப்பதற்குப் பணம்; வேறு சிலவற்றில் எழுதியவர் வெளியிடுவதற்கே பணம். சிறிய வார்ப்படக்கூடத்தில் வேலை செய்துகொண்டே இரவில் படிக்கும் ஓர் இளைஞருக்கு இரண்டு வாயில்களும் உயரமானவை.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 9 விழுக்காடு வரை இரும்பு எஃகுத் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிடுகின்றனர். கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றில் தோற்ற சோதனைகளும் எத்தனையோ இருக்க வேண்டும். அவை அச்சேறுவது குறைவு. ஒருவர் தோற்ற வழியிலேயே பத்துப் பேர் அறியாமல் நடந்து பொருளையும் ஆண்டுகளையும் இழக்கின்றனர்.

1878 மார்ச்சில் தாமஸ் எழுந்து சொன்ன அச்சில வரிகள் கழகத்தின் ஆய்விதழில் இன்றும் இருக்கின்றன. செவிகள் தவறவிட்டதைச் சுருக்கெழுத்தர் தவறவிடவில்லை.