இன்னிக்கா, நாலு நாள் கழிச்சா?

ஓம் சரவணபவ. 

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் மாம்பழம் வாங்கப் போனால், பழக்கப்பட்ட வியாபாரிகள் விலை சொல்வதற்கு முன்னாடியே ஒரு கேள்வி கேட்பார்கள். “இன்னிக்கு சாப்பிடவா, நாலு நாள் கழிச்சா?” தி.நகர் தள்ளுவண்டியிலும் இதே கேள்விதான், அடையாறிலும் இதேதான். நம்மில் நிறைய பேர் யோசிக்காமல் “இன்னிக்கே” என்று சொல்லிவிடுகிறோம். அந்த “இன்னிக்கே” பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு, நிறத்தை நம்பாதீங்க. இமாம்பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் தோல் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். மல்கோவாவும் முழு மஞ்சளுக்கு வராது. பங்கனப்பள்ளி மஞ்சளாகும்தான், ஆனால் பெயின்ட் அடித்த மாதிரி ஒரே சீராக மஞ்சள், மூக்கருகே கொண்டு போனால் வாசனையே இல்லை என்றால் கொஞ்சம் யோசிக்கணும். காம்புப் பக்கம் மோந்து பாருங்க. காம்பைச் சுற்றித் தோள் உப்பி, காம்பு லேசாகக் குழிக்குள் இறங்கினாற்போல் இருந்தால் அது மரத்திலேயே முற்றிய காய்.

அமுக்கிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். நம் கட்டைவிரல் பட்ட இடம் மறுநாள் கறுத்துப் போகும். நஷ்டம் அந்த வியாபாரி அம்மாவுக்கு, இல்லைன்னா நமக்குப் பின்னாடி வர்றவங்களுக்கு. முருகனுக்குன்னு நல்லதா நாலு பழம் எடுக்க, இன்னும் பத்து பழத்தைக் கெடுத்துட்டு வர்றது என்ன பக்தி?

தண்ணீரில் போட்டு மிதந்தால் கார்பைடு என்று ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்துது. முற்றாத காய் மிதக்கும், முற்றியது மூழ்கும். அந்தச் சோதனை காட்டுவது அவ்வளவுதான். கல் வைத்தார்களா என்பதைத் தண்ணீர் சொல்லாது. கால்சியம் கார்பைடு மேல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். பழம் தானாகப் பழுக்கும்போது தனக்குள்ளிருந்து விடுகிற எத்திலீன் மாதிரியே நடித்து அது காயை ஏமாற்றும். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே புளிப்பு அப்படியே இருக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் உண்டு. அதனால்தான் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் இதற்குத் தடை. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி இருக்கிறது. ஆகவே அறையில் வைத்துப் பழுக்க வைத்ததெல்லாம் விஷம் என்று பயமுறுத்துவதும் சரியில்லை. ஆனால் எந்த வாயுவாலும் முற்றாத காயை இனிக்க வைக்க முடியாது. மரத்தில் இருக்க வேண்டிய நாளை மரத்தில்தான் இருக்கணும்.

சரி, முற்றாததை ஏன் பறிக்கிறார்கள்? சென்னைக்கு நல்ல பழம் வரச் சித்திரை பிறக்கணும். வைகாசியும் ஆனியும்தான் களைகட்டும் மாதங்கள். நீலம் கடைசியாக வந்து ஆடி வரைக்கும் தாங்கும். ஆனால் பங்குனி உத்திரத்துக்கே தட்டில் மாம்பழம் வேணும், சித்திரை ஒண்ணாம் தேதி கனி காண மஞ்சளா வேணும் என்று கேட்பது யார்? நாம்தானே. முதலில் வருகிற பழத்துக்கு விலை கூட. அந்த விலைக்காக முன்னாடியே பறிக்கிறார்கள். பறித்ததை விற்க நிறம் வேணும், நிறத்துக்குக் கல்.

அப்போ பாவம் யாருக்கு? கல் வைத்தவருக்கு, அதில் சந்தேகமே இல்லை. ‘வாங்கறவங்க கேட்டாங்க’ என்று சொல்லி அவர் தப்பிக்க முடியாது. ஆனால் அவர் குற்றவாளி என்பதால் மட்டும் நம் கை சுத்தமாகிவிடுமா? தெரியாமல் வாங்கி நைவேத்தியம் வைத்த பாட்டியிடம் முருகன் கணக்கு கேட்க மாட்டார் என்று நம்புகிறேன். சீசன் இல்லைன்னு தெரிஞ்சும், வாசனை இல்லைன்னு தெரிஞ்சும், போட்டோவுக்கு அழகா இருக்கும்னு வாங்கறவர் கதை வேற. அவர் கொடுக்கிற பணம் அடுத்த வருஷக் கல்லுக்கு அட்வான்ஸ். இதில் தள்ளுவண்டிக்காரரிடம் போய்ச் சண்டை போடுவதும் நியாயமாகப் படவில்லை. அவர் விடிகாலையில் கோயம்பேடு போய் எடுத்து வருகிறவர். பழுக்க வைத்தது பெரும்பாலும் வேறு யாரோ. உத்திரத்துக்கு மாம்பழம் இல்லைன்னா முருகன் கோவிச்சுக்குவாரா? வாழைப்பழம் வருஷம் முழுக்க இருக்கு.

ஞானப்பழக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். நாரதர் கொண்டு வந்த பழம், அதை வெட்டக் கூடாது, உலகை முதலில் சுற்றி வருபவருக்குத்தான். அம்மையப்பனைச் சுற்றிய பிள்ளையாருக்குப் பழம் கிடைத்தது, மயிலேறிப் போனவர் பழனிக்கு வந்து நின்றார். இதைப் புத்திசாலி ஜெயித்த கதை என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையாருக்கு அம்மையப்பனே உலகம், அவர் குறுக்குவழி தேடவில்லை. நாம்தான் நம் குறுக்குவழிகளுக்கெல்லாம் அவரைச் சாட்சிக்கு இழுக்கிறோம். முருகனோ ஒரு மலை, ஒரு கடல் விடாமல் முழுசாகச் சுற்றினார். அப்படிப் போய் வெறுங்கையோடு திரும்பியவரைப் பார்த்துத்தான் ‘பழம் நீ’ என்கிறோம். (அதே பழனியில் பிரசாதம் என்னவோ மலைவாழைப் பஞ்சாமிர்தம்! அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதறேன்.)

வைகாசி விசாகம் சரியாக சீசனுக்கு நடுவில் வருகிறது. பெசன்ட் நகர் அறுபடை வீடு கோயிலுக்கோ, கபாலீஸ்வரர் கோயில் சிங்காரவேலர் சன்னதிக்கோ கொண்டு போவதாக இருந்தால் நாலைந்து நாள் முன்னாடியே முற்றின காயாகக் கேட்டு வாங்குங்க. வைக்கோல் கிடைத்தால் நல்லது. இல்லைன்னா சுத்தமான துணியில் சுற்றி அரிசி டப்பாவில் வைங்க. தினமும் ஒரு தடவை திறந்து மோந்து பாருங்க. ஒண்ணு அழுக ஆரம்பிச்சா உடனே எடுத்துடணும், பக்கத்துல இருக்கறதும் போயிடும். விசாகத்தன்னிக்குக் காலையில ரெண்டு பழுக்காம நின்னா நிக்கட்டும், பழுத்ததை மட்டும் எடுத்துட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை.