தூய்மையான இடம்

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் தங்கியிருந்தபோது, குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் பெண்மணி ஒருவர் வந்து, "சுவாமி, எப்போதும் மனம் படபடக்கிறது. என்ன செய்வது?" என்று கேட்டார். "அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜபம் செய்யுங்கள், அம்மா, மனம் அடங்கும்" என்றேன். அவர் தயங்கியபடி, "நாலு மணிக்குத்தான் சுவாமி, குழாயில் தண்ணீர் வரும். வரிசையில் குடம் வைக்காவிட்டால் அன்றைக்குத் தண்ணீரே கிடையாது" என்றார். அவர் வாழும் இடத்தைப் பற்றிக் கேளாமலே மருந்து சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மன அமைதியின்மை முழுவதும் தனிமனிதரின் குறையே என்று நாம் எண்ணிவிடுகிறோம். 1983-ஆம் ஆண்டு ஷெல்டன் கோஹன் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள், ஒருவர் உணரும் மன அழுத்தத்தை அளக்க ஒரு வினாத் தொகுப்பை வெளியிட்டனர். இன்றும் பயன்பட்டுவரும் அது, துன்பங்களை எண்ணிக் கணக்கிடுவதில்லை. வாழ்க்கை தம் கைக்குள் இருப்பதாக ஒருவர் உணர்கிறாரா, சுமைகள் தம்மை மீறிவிட்டதாக உணர்கிறாரா என்றே கேட்கிறது. தண்ணீர் வருமா, குடிசை நிலைக்குமா, மகள் இரவில் பத்திரமாகத் திரும்புவாளா என்று அன்றாடம் அஞ்சுபவர் இதற்கு என்ன விடை தருவார்?

அமெரிக்காவில் 1994-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஐந்து நகரங்களின் மிக வறிய பகுதிகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்கள் அதில் பங்கேற்றன. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற வாடகை உதவி கிடைத்தது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அந்தப் பெரியவர்களின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஆயினும் அவர்களது மனநிறைவு கூடியிருந்தது. கடும் உடற்பருமனும் நீரிழிவும் குறைந்திருந்தன. பணம் பெருகாதபோதும், சூழல் மாறியதே மனத்தையும் உடலையும் தேற்றியது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. கீதையின் ஆறாம் அத்தியாயம் மனத்தை ஒருமுகப்படுத்தச் சொல்லும் முன்பே, தூய்மையான இடத்தையும் உறுதியான ஆசனத்தையும் பற்றிப் பேசுகிறது. தூய்மையான இடமே கிடைக்காதவரிடம் தியானத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

1899-இல் கல்கத்தாவைப் பிளேக் நோய் வாட்டியபோது, சகோதரி நிவேதிதை உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. துடைப்பத்தைக் கையிலெடுத்துத் தெருவில் இறங்கினார். சுவாமி சதானந்தர் சேரிகளைத் துப்புரவு செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். அவர்களுக்கு அந்தத் தூய்மைப் பணியே வழிபாடாயிற்று.

சூழல் சீர்கெட்டிருந்தால் மனம் உயரவே முடியாது என்பதன்று இதன் பொருள். நெருக்கடியின் நடுவிலும் நிறைமனத்தோடு வாழ்வோரை நாம் காண்கிறோம், அவர்கள் வணங்கத்தக்கவர்கள். ஆனால், அவர்களுடைய பொறுமையைக் காட்டி நமது கடமையிலிருந்து நாம் நழுவக் கூடாது.

அன்று அந்த அம்மையாரிடம், "வரிசையில் நிற்கும்போதே மனத்திற்குள் ஜபியுங்கள்" என்று திருத்திச் சொன்னேன். அது தவறன்று, ஆனால் போதுமானதும் அன்று. அன்பர்களே, அமைதியை நாடி ஒருவர் நம்மிடம் வரும்போது, அவருக்கு மந்திரம் சொல்லுமுன் அவர் வாழும் தெருவுக்கு ஒருமுறை சென்று வருவோம். அங்கே ஒரு விளக்கோ, ஒரு குழாயோ, குழந்தைகள் படிக்க ஓர் அறையோ அமைய நம்மால் இயன்றதைச் செய்வோம். பிறருடைய மனம் அமர ஓரிடம் அமைத்துத் தருபவருக்கு, தம் மனம் அமரும் இடம் தேடாமலே கிட்டும்.