விலகிப் போக ஓர் இடம்

ஒருவன் நம்மை அடிக்க வருகிறான். திருப்பி அடிக்கலாம், பொறுத்துக்கொள்ளலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். நம் நீதி நூல்களும் சினிமாக்களும் இந்த மூன்றைத்தான் மாற்றி மாற்றிப் பேசுகின்றன. நான்காவது ஒன்று உண்டு: எழுந்து போய்விடுவது. அதை நாம் அறக்கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஊர்ப்பேச்சில் அதற்குப் பெயர் ‘ஓடிட்டான்’. ‘துஷ்டனைக் கண்டால் தூர விலகு’ என்று பழமொழி இருக்கிறதே என்பீர்கள். அது ஒரு முன்னெச்சரிக்கை யோசனை, அவ்வளவுதான். அப்படி விலகினவனை யாரும் மெச்சி நான் கேட்டதில்லை.

எழுந்து போவதையே ஒழுக்கத்தின் நடுவில் வைத்திருக்கும் மக்கள், எங்கள் ஊர் மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற அதே மலைத்தொடரில் இருக்கிறார்கள். தென்காசியிலிருந்து வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று பஸ்ஸில் போனால் இடது பக்கம் மலை கூடவே வரும். அந்த அடிவாரத்திலும், அதற்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வருசநாடு, பழனி மலை வரையிலும் பளியர்கள் சிறுசிறு குடிகளாக வாழ்கிறார்கள். காட்டு வள்ளிக்கிழங்கும் மலைத்தேனும் அவர்களுடைய பழைய வாழ்வாதாரம். தெற்கே பாபநாசம் மலையில் இருக்கும் காணிக்காரர்கள் வேறு. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களுக்கு எல்லாரும் ஒன்றுதான், தேன் பாட்டில் விற்கிறவர்கள். உள்ளூர்க்காரர்களான எங்கள் லட்சணமும் பெரிதில்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, மலையில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் குறத்தி மாதிரி மூச்சுவிடாமல் பேசுவார்கள் என்று நம்பினோம். பளியர்கள் அதற்கு நேர் எதிர்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962 முதல் 1964 வரை இவர்களுடன் இருந்தார். அவர் கண்டதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: பளியர்களிடம் மரியாதை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ போவதில்லை, சமதளத்தில் போகிறது. யாரும் யாரையும் ஏவக்கூடாது. கணவன் மனைவியை, பெரியவர் சின்னப் பிள்ளையைக்கூட. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசுவதே அநாகரிகம். போட்டி கிடையாது. தலைவர் என்று ஒருவர் கிடையாது. சச்சரவு வந்தால் யாராவது வேடிக்கையாக எதையாவது சொல்லிச் சூட்டைத் தணிப்பார்கள். தணியவில்லையா, ஒருவர் எழுந்து வேறு குடிக்குப் போய்விடுவார். வயது ஏற ஏறப் பேச்சும் குறைந்துவிடும். நாற்பதை ஒட்டி ஏறக்குறைய மௌனம் என்கிறார் கார்ட்னர். தப்பைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால் அது சாமியின் வேலை. சாமி ஒருவர் மேல் இறங்கிப் பேசும், இறங்கினதும் அவர் பழையபடி எல்லாரையும் போல ஒருவர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அறிவைப் பற்றிய பகுதி. ஒரு செடியைக் காட்டி நாலு பேரிடம் கேட்டால் நாலு மாதிரி பதில் வருமாம். அவரவர் கண்டதுதான் அவரவர் அறிவு, அதை ஒருமைப்படுத்தி ‘இதுதான் சரி’ என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. கார்ட்னர் 1970களில் வடமேற்குக் கனடாவின் டெனே மக்களிடம் போனார். அங்கேயும் பறவைகளின் பெயர்களில் இதே ஆளுக்கொரு பதில். எல்லாம் தெரிந்த ஒரு தகவலாளி இருப்பார், அவரைப் பிடித்தால் ஒரு பண்பாடே கைக்கு வந்துவிடும் என்ற மானுடவியலின் பழைய நம்பிக்கைக்கு அவர் இரங்கற்பா மாதிரி ஒரு கட்டுரையே எழுதினார். என் தொழிலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தகவலுக்கு ஒரே ஓர் உண்மையான மூலம் இருக்க வேண்டும் என்பதில்தானே நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

ஒப்பிடாத சமூகம் என்றதும் அப்ரைசல் ஞாபகம் வராத ஐ.டி. ஆள் இருக்க முடியாது. வருடம் ஒருமுறை எங்களை ஒரு மணி வடிவக் கோட்டில் அடுக்கி, இவ்வளவு பேர் மேலே, இவ்வளவு பேர் கீழே என்று வெட்டுகிறார்கள். அதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே பதிலும் பளியர் பதில்தான்: பேப்பர் போட்டுவிட்டுப் போவது. 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் இதை வைத்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஓர் அமைப்பு கெட்டுப்போனால் உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கலாம் அல்லது வெளியேறலாம் என்றார். வெளியேறுவது சுலபமாக இருந்தால் குரல் மெலிந்துபோகும் என்பது அவர் கவலை. சங்கம் வைக்கத் துப்பில்லாமல் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு அது அப்படியே பொருந்தும். ஆனால் வெளியேற்றம் வெறும் பேரம் பேசும் உத்தி என்று கொள்ளும்போது ஹிர்ஷ்மனின் கணக்கில் பளியர் விடுபட்டுப்போகிறார்கள். அவர்கள் எழுந்து போவது எதையும் சாதிப்பதற்காக அல்ல. இருந்தால் நான் உன்னை அடக்க வேண்டியிருக்கும், அல்லது உனக்கு அடங்க வேண்டியிருக்கும். இரண்டும் வேண்டாம்.

இதை அழகு என்று சொல்லி முடித்துவிடலாம். முடியவில்லை. கூலியில் ஏமாற்றுகிற ஒருவரிடமிருந்தும் இவர்கள் இப்படித்தான் எழுந்து போகிறார்கள், பாக்கிக் கூலி அவர் பையிலேயே இருக்கும். போக்கிரிக்கு லாபமாக முடிகிற ஒரு நற்குணத்தை நற்குணம் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனை மனிதருக்குள் இல்லை. போவதற்கு ஓர் இடம் வேண்டும். பொறுமைக்கு மனசு போதும். விலகலுக்குக் காடு வேண்டும்.

வாசுதேவநல்லூர்ப் பக்கம் தெரிந்தவர் மாந்தோப்பு ஒன்றில் காவலுக்கு இருக்கும் பளியப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். சண்டை வந்தா இப்பவும் எந்திரிச்சுப் போயிருவீகளா தாத்தா? ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க போக தம்பி? மேல செக்போஸ்ட்டு, கீழ வேலி. எந்திரிச்சா கட்டில்ல உக்காரணும்,” என்றார்.

1988இல் களக்காடு–முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. புலியும் அணிலும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தாமிரபரணியில் தண்ணீர் வருவதே அந்தக் காடு நிற்பதால்தான். அந்த 1988 கோடையில்தான் அலாஸ்காவில், ஆர்க்டிக் வில்லேஜ் என்ற சிற்றூரில், குவிச்சின் மக்கள் கூடினார்கள். டெனே குடும்பத்தில் ஒரு பிரிவினர். அலாஸ்காவிலும் கனடாவிலும் சிதறியிருந்தவர்கள் தலைமுறைகளுக்குப் பிறகு ஒன்றாகச் சேர்ந்த கூட்டம் அது. அவர்கள் உணவும் உடையும் கதையும் கரிபூ என்னும் பனிமான். அது வடகடலோரச் சமவெளி ஒன்றில் கன்று ஈனுகிறது, அங்கே எண்ணெய் தோண்டும் பேச்சு எழுந்திருந்தது. போர்க்குணம் இல்லாதவர்களுக்கும் ஒரு கட்டத்தில் விலகல் போதாமல்போகிறது. மான் ஈனும் இடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கும் போக முடியாதே. கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், ஒரு குழு அமைத்தார்கள். 2017இல் அமெரிக்கச் சட்டம் அந்த நிலத்தைக் குத்தகைக்குத் திறந்துவிட்ட பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை.

ஆனால் நான் பல நாள் யோசித்தது இதை: அந்தச் சமவெளிக்குக் குவிச்சின் மக்கள் போவதில்லை. உயிர் தொடங்கும் புனித இடம் என்று அதற்குப் பெயர். பஞ்ச காலத்திலும் அங்கே வேட்டைக்குப் போகாத இனம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கால் வைக்காததாலேயே எங்களுடையது என்கிறார்கள். எந்தப் பதிவாளர் அலுவலகத்தில் இதைப் பதிவது?

நம் சட்டத்துக்கும் இதே சிக்கல். 2006 வன உரிமைச் சட்டம் நல்ல சட்டம். தேன் போன்ற சிறுவனப் பொருள்களின் மேல் உரிமையை ஒத்துக்கொண்டது, தனி ஆளின் நிலம் மட்டுமல்லாமல் சமூக உரிமையையும் பேசியது. பட்டா கொடுப்பது தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பல ஆண்டுகள் நின்று, 2016இல்தான் தடை நீங்கியது. பழங்குடிகள் நிலம் கேட்டால் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அது தங்கள் பிடியில் இருந்ததைக் காட்ட வேண்டும். பிடியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதையே நாகரிகமாகக் கொண்டவர்கள் எதைக் காட்டுவார்கள்? ஆவணம் இல்லையென்றால் முதியவர்களின் வாக்குமூலம் செல்லும் என்று விதி கருணையோடு சொல்கிறது, நாற்பதுக்கு மேல் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் முதியவர்களிடம். வன உரிமைக் குழுவுக்கு ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் வேண்டும் என்றும் சொல்கிறது.

பெரியவரிடம் அதையும் கேட்டேன். உங்க குடிக்குத் தலைவர் யாரு தாத்தா?

“யாராவது வந்து கேட்டா ஒரு பேரச் சொல்லுவோம்,” என்றார். “போன தடவ எம்பேரச் சொன்னாவ. இந்தத் தடவ அந்தப் பய பேரு.” கை காட்டிய திசையில் ஒரு பையன் மாமரத்தடியில் படுத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெயர் அடிபடுவது கேட்டதும் எழுந்து தோப்புக்குள் போய்விட்டான்.